நாள்பட்ட ஒற்றைத் தலைவலி: போடாக்ஸ் ஊசியா, தினசரி மாத்திரையா, சி.ஜி.ஆர்.பி. ஊசியா?

முகச்சுருக்கத்தைப் போக்க நெற்றியில் போடப்படும் ஊசிதான் ஒற்றைத் தலைவலிக்கும் மருந்து என்று முதன்முறையாகக் கேட்பவர்கள் எளிதில் நம்புவதில்லை. என் தங்கையும் நம்பவில்லை. மாதத்தில் பாதிக்கு மேல் இருட்டறையில் கழித்துக்கொண்டிருந்த அவளுக்கு, நரம்பியல் மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார்: தினமும் மாத்திரை சாப்பிடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளலாம், அல்லது வலியைக் கடத்தும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளைத் தடுக்க அண்மை ஆண்டுகளில் வந்த ஊசியை மாதம் ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் எது என்று முடிவெடுக்க நாங்கள் இருவரும் பல வாரங்கள் படித்தோம், கேட்டோம், எழுதிவைத்தோம். அப்போது தெளிந்தவற்றை, இதே முடிவின் முன் நிற்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து வலிமையானது என்ற கேள்வியைவிட, எந்த மருந்தில் இவரால் ஆறு மாதமாவது நிலைத்திருக்க முடியும் என்ற கேள்விதான் பெரியது என்பது நான் வந்தடைந்த கருத்து.

ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: நாள்களை எண்ணுவது. மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றில் குறைந்தது 8 நாள்களாவது ஒற்றைத் தலைவலியின் குணங்கள் தென்பட்டால்தான் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. துடிப்பது போன்ற வலி, குமட்டல், வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்கமுடியாமை, அசைந்தால் வலி கூடுவது ஆகியவை அந்தக் குணங்கள். இந்த 15 என்ற கோடு வெறும் பெயர்சூட்டலுக்கானது அல்ல. போடாக்ஸ் பலன் தருவதாக நிரூபிக்கப்பட்டது இந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டுமே. மாதத்தில் 14 நாள்களோ அதற்குக் குறைவாகவோ தலைவலி வருபவர்களிடம் செய்த ஆய்வுகளில் அது மருந்தில்லாத போலி ஊசியைவிடத் தெளிவாக மேம்பட்டதாகத் தெரியவில்லை.

எண்ணுவது எளிது என்று நினைத்துதான் நாங்களும் தவறினோம். மாதத்தில் எத்தனை முறை வருகிறது என்று மருத்துவர் கேட்டபோது, என் தங்கை எட்டோ ஒன்பதோ என்றாள். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: “வலி வந்த நாளை விடுங்கம்மா, தலை முழுக்கத் தெளிவாக இருந்த நாள் எத்தனை என்று சொல்லுங்கள்.” அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து சுவர் நாள்காட்டியில் படுக்கவைத்த வலிக்குச் சிவப்புப் புள்ளி, சமாளித்துக்கொண்டு வேலை செய்த வலிக்குப் பென்சில் புள்ளி, மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு என்று குறித்தோம். மாத இறுதியில் புள்ளிகள் 19 இருந்தன, கோடுகள் 14 இருந்தன. லேசான வலியை வலியென்றே கணக்கில் எடுக்காமல் பழகிப்போனவர்களின் நிலை பெரும்பாலும் இதுதான்.

அந்தக் கோடுகளையும் சேர்த்து எண்ணியதில் இன்னொன்றும் தெரியவந்தது. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலி வந்தபின் அதை நிறுத்த எடுக்கும் டிரிப்டான் வகை மாத்திரைகளையோ பல வலி நிவாரணிகள் கலந்த கூட்டு மருந்துகளையோ 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்துவந்தால், அந்த மருந்தே தலைவலியை நீட்டித்துவிடக்கூடும். இதைக் கவனிக்காமல், வலி வராமல் தடுக்கும் எந்த மருந்துக்குப் போனாலும் பலனை அளவிடுவது கடினம். அதேபோல, இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் வலி, காய்ச்சலோ கழுத்து விறைப்போ கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வரும் வலி ஆகியவற்றுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அவற்றை உடனடியாக மருத்துவமனையில் காட்டவேண்டும்.

இனி ஊசிக்கு வருவோம். போடாக்ஸில் இருக்கும் பொட்டுலினம் நச்சு மருத்துவத்துக்குள் வந்தது அழகுக்காக அல்ல. 1989-இல் அமெரிக்காவில் அதற்கு முதல் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும். புருவ இடைச் சுருக்கத்துக்கான அனுமதி 2002-இல்தான் வந்தது. இதற்கிடையே 1990-களில், முகச்சுருக்கத்துக்காக ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் தங்கள் தலைவலியும் குறைந்துவிட்டதாகச் சொன்னதை வில்லியம் பைண்டர் என்ற அறுவை மருத்துவர் கவனித்துப் பதிவுசெய்தார். அந்தக் கவனிப்பிலிருந்து தொடங்கிய ஆய்வுகளின் பயனாக 2010-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு இந்த ஊசி அனுமதிக்கப்பட்டது. தசையைத் தளர்த்துவதால்தான் வலி குறைகிறது என்று முதலில் எண்ணினார்கள். இப்போதைய விளக்கம் வேறு: நரம்பு நுனியிலிருந்து வேதிப்பொருள்கள் வெளியேறுவதற்குத் தேவையான ஸ்னாப்-25 என்ற புரதத்தை இந்த நச்சு வெட்டிவிடுகிறது, அதனால் தலையிலும் முகத்திலும் பரவியுள்ள வலி நரம்புகளின் நுனியிலிருந்து சி.ஜி.ஆர்.பி. போன்ற வலித்தூதுப் பொருள்கள் வெளிவருவது குறைகிறது. அந்த நரம்புகள் தொடர்ந்து மூளையைத் தூண்டிக்கொண்டிருப்பதும் மெல்ல அடங்குகிறது. நெற்றிச் சுருக்கம் மறைவது இந்தச் சிகிச்சையின் உடன்விளைவு மட்டுமே.

எவ்வளவு பலன் என்று கேட்டால், ப்ரீஎம்ப்ட் என்ற பெயரில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளைத்தான் சொல்லவேண்டும். 1,384 பேர் கலந்துகொண்ட அவற்றின் ஒட்டுமொத்தக் கணக்கில், 24 வாரங்களுக்குப் பிறகு போடாக்ஸ் போட்டவர்களுக்கு மாதத்தில் 8.4 தலைவலி நாள்கள் குறைந்தன. உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கு 6.6 நாள்கள் குறைந்தன. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்கவேண்டும். மருந்தால் மட்டும் கிடைத்த பலன் இரண்டு நாளுக்கும் குறைவு என்று சொல்லிச் சிலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். எட்டு நாள் குறையும் என்று மட்டும் சொல்லிச் சிலர் விற்கிறார்கள். இரண்டுமே முழு உண்மையல்ல. ஊசி என்ற சடங்கே ஒரு பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பும், அதன் பலன் போலி ஊசிக் குழுவிலும் தெரியும். ஆனாலும் மருந்துக் குழு நிலையாக முன்னே நின்றது, வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்விகளிலும் முன்னே நின்றது. மேலும், சராசரி என்பது யாருடைய சொந்த அனுபவமும் அல்ல. அதே ஆய்வில் மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சுற்றிலேயே தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தன. முதல் சுற்றில் பலன் காணாதவர்களில் இன்னும் சிலர் இரண்டாவது சுற்றிலும், வேறு சிலர் மூன்றாவது சுற்றிலும் அந்த நிலைக்கு வந்தார்கள். முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுவது அவசரமான முடிவாகிவிடும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஊசி போடும் நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். மயக்கமருந்து எதுவும் இல்லை, சாதாரண நாற்காலிதான். மிக மெல்லிய, குட்டையான ஊசி. முதலில் இரண்டு புருவங்களின் உள்முனைகளில் ஒவ்வொன்று, அவற்றுக்கு நடுவில் ஒன்று, மேல்நெற்றியில் நான்கு. நெற்றியில் ஊசி நுழையும்போது மணலை மிதித்தாற்போல் உள்ளுக்குள் ஒரு நறநறப்புச் சத்தம் கேட்டதாக அவள் பிறகு சொன்னாள். வலியைவிட அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. பிறகு காதுகளுக்கு மேலே உள்ள இரு பொட்டுகளிலும் நான்கு நான்காக எட்டு, பின்மண்டையில் ஆறு, கழுத்தின் மேற்பகுதியில் நான்கு, தோள்களில் ஆறு. மொத்தம் 31 இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் 5 அலகு, ஆக 155 அலகுகள். வலி அதிகமாக இருக்கும் பக்கத்தில் கூடுதலாகப் போட்டு 195 வரையிலும் போகலாம். எல்லாம் முடிய 15 நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றியில் கொசு கடித்தாற்போல் எழும்பிய சிறு தடிப்புகள் சற்று நேரத்தில் அமுங்கிவிட்டன. அன்று முழுவதும் அந்த இடங்களைத் தேய்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

இந்த எண்ணிக்கையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புருவ இடைச் சுருக்கத்துக்கு அழகுச் சிகிச்சையில் வழக்கமாகப் போடுவது 5 இடங்களில் 20 அலகுகள். பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. எனவே அழகு நிலையத்தில் நெற்றியில் நான்கு ஊசி போட்டுக்கொண்டு தலைவலிக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது, ஆய்வு செய்யப்பட்ட சிகிச்சையின் சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொள்வதாகும். அதில் பலன் இல்லையென்றால் போடாக்ஸ் தனக்கு ஒத்துவரவில்லை என்ற தவறான முடிவுக்கும் அவர் வந்துவிடக்கூடும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பொட்டுலினம் நச்சு வெவ்வேறு பெயர்களில் கிடைக்கிறது, ஒன்றின் அலகு மற்றொன்றின் அலகுக்குச் சமமல்ல. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு ஆய்வும் அனுமதியும் பெற்றது போடாக்ஸ் என்ற பெயரில் வரும் ஒனபொட்டுலினம்டாக்ஸின்-ஏ. எந்த மருந்து, எத்தனை அலகு, எந்தெந்த இடம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை, தயங்கவேண்டியதில்லை.

பக்க விளைவுகளில் முதலிடம் கழுத்து வலிக்கு. ஆய்வுகளில் ஏறக்குறைய 11 பேரில் ஒருவருக்கு அது வந்தது. கழுத்தில் ஊசி கீழே இறங்கிவிட்டால் தலையைத் தாங்கும் தசை சோர்ந்துபோகும் என்பதால், ஏற்கெனவே கழுத்து வலி உள்ளவர்களும் மெலிந்த கழுத்து உள்ளவர்களும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். இமையோ புருவமோ சற்றுத் தொங்கிப்போவது, நெற்றி அசைவு குறைவது, ஊசி போட்ட சில நாள்களுக்குத் தலைவலி கூடுவது ஆகியவையும் உண்டு. இவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகச் சரியாகின்றன. அரிதானதென்றாலும் மறக்கக் கூடாதது, நச்சின் விளைவு பிற இடங்களுக்குப் பரவுவது: விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால் அவர்களுக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது.

மாத்திரைகளின் பக்கம் வந்தால், அவற்றின் பெரிய பலம் எங்கும் கிடைப்பதும், பல்லாண்டு அனுபவம் இருப்பதும், வேண்டாமென்றால் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்திவிடக்கூடியதும்தான். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட், கேண்டசார்டன், ஃபுளுனரசின், வால்ப்ரோயேட் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. ஒரு மாத்திரை இரண்டு வேலை செய்யும் இடங்களில் அதையே முதலில் முயலலாம் என்பது என் எண்ணம்: இரத்த அழுத்தம் கூடியவருக்குப் புரோப்ரனலாலோ கேண்டசார்டனோ, தூக்கம் வராதவருக்கு இரவில் அமிட்ரிப்டிலினோ அப்படிப்பட்டவை. அதேபோல் எங்கே கூடாது என்பதும் தெளிவு. ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட்டும் டோபிராமேட்டும் கருவுக்குத் தீங்கு செய்பவை. ஒற்றைத் தலைவலி பெண்களுக்கே ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் வருவதால் இது சிறிய விலக்கு அல்ல.

மாத்திரையின் பலவீனம் அதன் ஆற்றலில் இல்லை, அதைத் தினமும் தாங்கிக்கொள்வதில் இருக்கிறது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலியில் அதிகம் ஆராயப்பட்ட மாத்திரையான டோபிராமேட்டை என் தங்கை முதலில் சாப்பிட்டாள். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வைப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் அகப்படாமல் நிற்கத் தொடங்கியது. ஒருநாள் சமையலறையில் கையில் வைத்திருந்த கரண்டியைக் காட்டி “இதன் பேர் என்ன?” என்று கேட்டுவிட்டு அவள் அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை. தலைவலி ஓரளவு குறைந்திருந்தும் ஏழாவது வாரத்தில் மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிட்டாள். 2019-இல் வெளிவந்த ஃபார்வர்டு என்ற ஆய்வு இதையே எண்களில் காட்டுகிறது. 282 பேரில் ஒரு பாதிக்கு போடாக்ஸும் மறு பாதிக்கு டோபிராமேட்டும் கொடுத்து ஒப்பிட்டபோது, தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தவர்கள் போடாக்ஸ் குழுவில் 40 சதவீதம், டோபிராமேட் குழுவில் 12 சதவீதம். இந்த இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணம், டோபிராமேட் எடுத்தவர்களில் மிகப் பலர் நடுவிலேயே நிறுத்திவிட்டதும், நிறுத்தியவர்களைப் பலன் காணாதவர்களாகக் கணக்கிட்டதும் ஆகும். யாருக்கு எந்த மருந்து என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு என்ற குறையும் அதற்கு உண்டு. எனினும் வாழ்க்கையிலும் அப்படித்தானே: சாப்பிட முடியாத மாத்திரையின் வலிமை யாருக்கும் பயன்படுவதில்லை.

மூன்றாவது வழி, சி.ஜி.ஆர்.பி. என்ற வலித்தூதுப் பொருளை நேரடியாகக் குறிவைக்கும் ஊசிகள். எரினுமாப், ஃப்ரெமனெசுமாப், கல்கனெசுமாப் ஆகிய மூன்றும் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எப்டினெசுமாப் 2020-இல் வந்தது. முதல் மூன்றும் தோலுக்கடியில் தாமே போட்டுக்கொள்ளும் ஊசிகள், பெரும்பாலும் மாதம் ஒருமுறை. ஃப்ரெமனெசுமாபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகவும் போடலாம். எப்டினெசுமாப் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படுவது. ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் தடுப்பு மருந்துகள் இவை என்பது சிறிய செய்தியல்ல. மற்றவையெல்லாம் வேறு நோய்க்காக வந்து இங்கே பயன்பட்டவை. எரினுமாபை நாள்பட்ட ஒற்றைத் தலைவலியில் சோதித்த ஆய்வில், மாதத்தில் ஒற்றைத் தலைவலி நாள்கள் 6.6 குறைந்தன, போலி மருந்தில் 4.2 குறைந்தன. இதைப் போடாக்ஸின் 8.4-உடன் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்ப்பது தவறு: ஒன்று எல்லாத் தலைவலி நாள்களையும் எண்ணியது, மற்றொன்று ஒற்றைத் தலைவலி நாள்களை மட்டும் எண்ணியது, ஆய்வுக் காலமும் வேறு.

எண்களைவிட இவற்றின் குணவேறுபாடுகளே முடிவுக்கு உதவும். சி.ஜி.ஆர்.பி. ஊசிகள் மாதத்தில் 14 நாள்களோ அதற்குக் குறைவாகவோ வலி வருபவர்களுக்கும் பலன் தருகின்றன, போடாக்ஸ் அப்படியல்ல. பலன் தெரிகிறதா என்று சில வாரங்களிலேயே சொல்லிவிட முடிகிறது. போடாக்ஸில் இரண்டு மூன்று சுற்று, அதாவது ஆறு முதல் ஒன்பது மாதம்வரை காத்திருக்க நேரலாம். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், 31 இடங்களில் சரியாகப் போடத் தெரிந்த கையைத் தேடவேண்டியதில்லை. மறுபக்கம், எரினுமாபினால் மலச்சிக்கல் கடுமையாகலாம், இரத்த அழுத்தம் கூடலாம். இந்த மருந்துகள் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆவதால், கருத்தரிக்கத் திட்டமிடுபவர் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தவேண்டும். சி.ஜி.ஆர்.பி. இரத்தக் குழாய்களை விரிக்கும் பொருள் என்பதால், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களிடம் மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். போடாக்ஸ் பெரும்பாலும் போட்ட இடத்திலேயே நின்றுவிடுவதால், ஏற்கெனவே பல மாத்திரைகள் சாப்பிடும் முதியவருக்கு அதுவே பொருத்தமாகலாம்.

2024-இல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம் சி.ஜி.ஆர்.பி. மருந்துகளையும் முதல் நிலையிலேயே தேர்ந்தெடுக்கலாம், மற்ற மாத்திரைகள் தோற்ற பிறகுதான் என்று காத்திருக்கவேண்டியதில்லை என்று அறிவித்தது. ஆனால் செலவை ஏற்கும் அமைப்புகள் பலவும் இன்னும் படிகளை வைத்திருக்கின்றன. பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2012-இல் போடாக்ஸுக்கு விதித்த நிபந்தனை, குறைந்தது மூன்று தடுப்பு மருந்துகள் முன்பே பலனளிக்காமல் போயிருக்கவேண்டும் என்பது. அதனால் எந்த மாத்திரையை, எந்த அளவில், எத்தனை வாரம் எடுத்து, ஏன் நிறுத்தினோம் என்ற பதிவு கையில் இல்லாதவர்கள் பிறகு மிகவும் சிரமப்படுகிறார்கள். காலிப் பட்டைகளைத் தூக்கியெறியும் முன் அவற்றின் பெயரையாவது எழுதிவையுங்கள்.

என் பார்வையில் போடாக்ஸ் முன்னுக்கு வருவது இப்படிப்பட்டவருக்கு: மாதத்தில் 15 நாளைத் தாண்டிய வலி நாள்காட்டியில் உறுதியாகியிருக்கவேண்டும், ஓரிரு மாத்திரைகளைச் சரியான அளவில் முயன்று தாங்கமுடியாமல் போயிருக்கவேண்டும், தினமும் மருந்தை நினைவில் வைப்பது கடினமாக இருக்கவேண்டும், இந்த ஊசியை முறையாகப் போடப் பழகிய மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். 15-ஐத் தொடாதவருக்கும், மலச்சிக்கல் தொல்லை இல்லாதவராய் வீட்டிலேயே போட்டுக்கொள்ள விரும்புபவருக்கும் சி.ஜி.ஆர்.பி. ஊசி. இப்போதுதான் முதன்முறையாகத் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பவருக்கு, உடலுக்கு ஒத்துவரும் மாத்திரை. கருவுற்றிருப்பவர்களுக்கும் விரைவில் கருத்தரிக்க நினைப்பவர்களுக்கும் இவை எதையும் தாமாக முடிவுசெய்யும் இடமே இல்லை. மகப்பேறு மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்துதான் சொல்லவேண்டும்.

எதைத் தொடங்கினாலும், எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே பேசிவிடுவது நல்லது. போடாக்ஸுக்கு நைஸ் வைத்திருக்கும் அளவு எளிமையானது: இரண்டு சுற்றுகளுக்குப் பிறகும் தலைவலி நாள்கள் 30 சதவீதமாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடவேண்டும், தொடர்ந்து மூன்று மாதம் 15 நாளுக்குக் கீழே இறங்கிவிட்டாலும் நிறுத்திப் பார்க்கவேண்டும். என் தங்கைக்கு 19 புள்ளிகளில் 30 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஆறு. முதல் சுற்றுக்குப் பிறகு மாதக் கணக்கு 16-இல் நின்றது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு 11 ஆனது, அதில் சிவப்பு நான்கு. பத்தாவது வாரத்தில் பென்சில் புள்ளிகள் மறுபடி நெருங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, மூன்றாவது ஊசிக்கான நாளை அவளே நாள்காட்டியில் வட்டமிட்டாள்.